துடைக்காத பலகை

கற்பலகையில் எழுதிப் பழகிய தலைமுறையினருக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. காலை வகுப்பு மாணவன் ஒருவன் கணக்கொன்றைச் செய்து முடித்து, பலகையைத் துடையாமலே வைத்துவிட்டுப் போகிறான். அடுத்த வகுப்பு மாணவன் அதே பலகையைக் கையில் எடுக்கிறான். கூட்டலைத் தொடங்குமுன் பலகையைத் துடைத்துப் பூச்சியத்தை இட வேண்டும் என்பதை அவன் மறந்துவிட்டால், முன்னவன் விட்டுச்சென்ற எண்ணோடு தன் எண்களையும் சேர்த்துக் கூட்டிவிடுவான். முன்னவன் விட்டுச்சென்றது பூச்சியமாகவே இருந்தால் விடை சரியாக வரும், ஆசிரியரும் மெச்சுவார். வேறோர் எண்ணாக இருந்தால் விடை பிழைக்கும். பிழைக்குக் காரணம் யாதெனத் தேடினாலோ, மாணவன் எழுதிய வரிகளில் அது அகப்படாது. அவன் எழுதியவை யாவும் சரியானவையே. எழுதாது விட்ட ஒன்றே பிழை.

கணினிச் செய்நிரல்களின் உலகில் இத்தகைய பிழை அரை நூற்றாண்டுக்கு மேலாக வாழ்ந்து வருகின்றது. தொடக்கப் பெறுமானம் இடப்படாத மாறியால் விளையும் வழு என்று அதனைக் குறிப்பர். அதனைத் தேடிக் கண்டுபிடிக்க அறிஞர்கள் மேற்கொண்ட முயற்சிகளின் வரலாறு, எந்திரங்களைப் பற்றியது போலவே மனித மனத்தின் சோர்வையும் அவசரத்தையும் பற்றியதாகும்.

மாறி என்பது யாது? கணினியின் நினைவகத்தில் ஒரு பெறுமானத்தை வைப்பதற்கென ஒதுக்கப்பட்டுப் பெயரிடப்பட்ட இடமே மாறி. 'மொத்தம்' என்று பெயரிட்டு ஓரிடத்தை ஒதுக்கினால், அவ்விடம் அப்பொழுது புதிதாகப் படைக்கப்படுவதில்லை. சற்று முன்னர் வேறொரு வேலைக்குப் பயன்பட்டு ஓய்ந்த இடமே மறுபடியும் கைமாறுகின்றது. அங்கே பழைய வேலையின் எச்சம் கிடக்கும். பூச்சியம் கிடக்கலாம், ஒருவருடைய சம்பளம் கிடக்கலாம், ஒரு கடவுச்சொல்லின் துண்டும் கிடக்கலாம்.

சி என்னும் செய்நிரல் மொழி, ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் உள்ள பெல் ஆய்வுகூடத்தில், 1972ஆம் ஆண்டளவில் டெனிஸ் றிச்சி என்பவரால் உருவாக்கப்பட்டது. அக்காலத்து எந்திரங்களின் சிறுமையை இன்று எண்ணிப் பார்ப்பதே அரிது. 1971ஆம் ஆண்டில் யூனிக்ஸ் முறைமை ஓடிய பி.டி.பி. 11 கணினியில் இருந்த நினைவகம் 24 ஆயிரம் பைட் மட்டுமே. அதிலும் 16 ஆயிரத்தை முறைமை எடுத்துக்கொள்ள, பயனாளரின் செய்நிரலுக்கு 8 ஆயிரமே எஞ்சியது. இத்தகைய நெருக்கடியில் பிறந்த மொழி, தேவையற்ற உழைப்பை எந்திரத்தின் மீது சுமத்த விரும்பவில்லை.

ஆகவே சி மொழியில் ஒரு பாகுபாடு அமைந்தது. செய்நிரல் ஓடும் காலம் முழுவதும் நிலைத்திருக்கும் மாறிகளுக்குத் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை பூச்சியம் இடப்படும். ஒரு செயற்கூறு அழைக்கப்படும் பொழுது தோன்றி, அது முடிந்ததும் மறையும் உள்ளக மாறிகளுக்கோ எதுவும் இடப்படுவதில்லை. ஒரு செயற்கூறு நொடிக்குப் பல்லாயிரம் தடவை அழைக்கப்படலாம். ஒவ்வொரு தடவையும் பலகையைத் துடைப்பதென்றால் காலம் விரயமாகும். எழுதுபவர் எப்படியும் முதலில் தாமே ஒரு பெறுமானத்தை இடுவார். அவருக்கு முன் எந்திரமும் துடைப்பது வீண் வேலை. இதுவே அன்றைய நியாயம். எழுதுபவர் மீது மொழி நம்பிக்கை வைத்தது. அந்த நம்பிக்கைக்குரிய விலையைப் பின்வந்தோர் செலுத்தினர்.

இவ்வழுவின் குணத்தை அறிந்தால் அந்த விலையின் அளவும் விளங்கும். பிற பிழைகள் வெளிப்படையாகத் தம்மைக் காட்டிக்கொள்ளும். எந்திரம் நின்றுவிடும், அல்லது விடை எந்நாளும் ஒரே விதமாகத் தவறும். இதுவோ ஆக்கியவரின் மேசையில் நல்லபிள்ளையாக நடந்துகொள்ளும். அங்கே நினைவகத்தில் தற்செயலாகப் பூச்சியம் கிடந்திருக்கும். வாடிக்கையாளரின் எந்திரத்தில், ஆறு மாதங்களுக்குப் பின்னர், வேறொரு வேலைக்குப் பின் இது ஓடும் பொழுது, கணக்கு பிழைக்கும். என்ன நடக்கின்றது எனப் பார்ப்பதற்காகச் செய்நிரலில் ஓர் அச்சிடும் வரியைச் சேர்த்தால், அந்த வரியே நினைவகத்தின் கிடக்கையை மாற்றிவிடும், பிழை மறைந்துபோகும். வரியை நீக்கினால் மீண்டும் தோன்றும். உற்று நோக்கும் செயலே நோக்கப்படும் பொருளை மாற்றும் என்ற கருத்தோடு இணைத்துப் பேசப்படும் பௌதிக அறிஞர் ஹைசன்பேர்க்கின் பெயரால், இத்தகைய வழுக்களுக்கு 'ஹைசன்பக்' என்று பெயர் வழங்கலாயிற்று. கணினிகள் ஏன் நின்றுபோகின்றன என்பதை ஆராய்ந்து 1985ஆம் ஆண்டில் ஜிம் கிறே எழுதிய அறிக்கையில் இப்பெயர் இடம்பெற்றுள்ளது.

1989ஆம் ஆண்டில் சி மொழிக்குத் தர நிர்ணயம் செய்யப்பட்ட பொழுது நிலைமை மேலும் நுட்பமாயிற்று. பெறுமானம் இடப்படாத மாறியைப் பயன்படுத்தினால் விளைவு என்னவாகும் என்பதைத் தரநூல் வரையறுக்காமலே விட்டது. வரையறுக்கப்படாத செயல் என்பது, 'ஏதோ ஓர் எண் வரும்' என்ற அளவிலே நிற்பதன்று. அப்படியொரு செயல் நிகழவே நிகழாது எனக் கருதிக்கொண்டு செய்நிரலைச் சுருக்கி விரைவாக்கத் தொகுப்பிகளுக்கு உரிமை கிடைத்தது. இதனால், மெதுவாக ஓடும்படி தொகுத்த பொழுது சரியாக இருந்த செய்நிரல், விரைவாக ஓடும்படி தொகுத்ததும் பிறழ்ந்த நிகழ்ச்சிகள் பல.

இவ்வழுவைப் பிடிக்க எழுந்த முதல் உபாயம், செய்நிரலை ஓட்டாமலே வாசித்துப் பார்ப்பதாகும். பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஜோன்சன் 1978ஆம் ஆண்டில் 'லின்ட்' என்னும் கருவியை வெளியிட்டார். ஆடையில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத் துரும்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. தொகுப்பி கண்டும் காணாமல் விடும் துரும்புகளை இக்கருவி ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காட்டியது. 'இம்மாறிக்கு எதுவும் இடப்படுமுன் இது பயன்படுத்தப்படுகின்றது' என்பது அதன் எச்சரிக்கைகளுள் ஒன்று. இன்றைய தொகுப்பிகள் தாமே இவ்வகை எச்சரிக்கையைத் தருகின்றன.

எனினும் வாசித்தறியும் முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு கிளைவழியில் மாறிக்குப் பெறுமானம் இடப்படுகின்றது. மற்றொரு வழியில் இடப்படுவதில்லை. ஓடும் வேளையில் செய்நிரல் எவ்வழியில் போகும்? அது பயனாளர் இடும் தரவைப் பொறுத்தது. எந்தச் செய்நிரலைக் கொடுத்தாலும் அது ஓடி நிற்குமா, நில்லாதா என்று தீர்த்துச் சொல்லும் பொதுவழி இல்லை என்பதை 1936ஆம் ஆண்டிலேயே அலன் டியூரிங் நிறுவினார். 'இம்மாறி வெறுமையாக வாசிக்கப்படுமா?' என்ற கேள்வியும் இறுதியில் அதே சுவரில் போய் முட்டுகின்றது. ஆகவே வாசித்தறியும் கருவி சில வேளைகளில் குற்றமற்றதைக் குற்றம் என்கும். சில வேளைகளில் குற்றத்தைக் காணாது விடும். வீண் எச்சரிக்கை மிகுந்தால் கேட்பவர் காதை மூடிக்கொள்வர். இதனை நினைவில் வைத்திருத்தல் நன்று. பின்னர் வரும் ஒரு நிகழ்ச்சிக்கு இது அடிப்படை.

இரண்டாவது உபாயம் எளியது. வெற்றிடங்கள் யாவற்றிலும் முன்கூட்டியே ஒரு விசித்திரமான எண்ணை நிரப்பி வைத்தால், அவ்வெண் விடையில் தலைகாட்டும் பொழுது திருடன் அகப்படுவான். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் சி தொகுப்பி, சோதனைக்காகத் தொகுக்கப்படும் செய்நிரல்களில், துடைக்கப்படாத உள்ளக மாறிகளை 204 என்னும் எண்ணால் நிரப்பியது. சீன எழுத்துக் குறிமுறையில் அவ்வெண் இரண்டு அடுத்தடுத்து வந்தால் 'சுடுகிறது' என்னும் பொருளுடைய எழுத்தாகும். அதனால் சீன நாட்டில் செய்நிரல் கற்கும் மாணவரின் திரையில் 'சுடுகிறது, சுடுகிறது' என்று எழுத்துகள் வரிசையாகத் தோன்றுவதும், அதைக் கண்டதும் அவர்கள் தம் தவற்றை உணர்வதும் வழக்கமாயின. ஆனால் இவ்வுபாயம் நோயைத் தெரிவிக்குமேயன்றி அது தொடங்கிய இடத்தைத் தெரிவிக்காது.

மூன்றாவது உபாயமே உண்மையான திருப்பம். எந்திரத்தின் நினைவகத்தில் ஓர் எண் இருக்கின்றது. அது உழைத்துப் பெற்ற எண்ணா, கிடந்து கிடைத்த எண்ணா என்பதை அவ்வெண்ணைப் பார்த்து அறிய இயலாது. எண்ணுக்குப் பக்கத்தில் அதன் பிறப்பைக் கூறும் குறிப்பொன்றும் இருந்தால் மட்டுமே இயலும். 1991ஆம் ஆண்டில் றீட் ஹேஸ்டிங்ஸ் தொடங்கிய நிறுவனம் இக்கருத்தைப் 'பியூரிஃபை' என்னும் கருவியாக்கியது. அவரும் பொப் ஜோய்சும் 1992ஆம் ஆண்டில் அதனைப் பற்றிய ஆய்வுரையை வெளியிட்டனர். பின்னர் 1997ஆம் ஆண்டில் நெட்பிளிக்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த இருவருள் ஒருவரும் இவரே.

பியூரிஃபை, நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் இரண்டு பிட் அளவில் ஒரு நிழற் குறிப்பை வைத்துக்கொண்டது. அவ்விடம் ஒதுக்கப்படாததா, ஒதுக்கப்பட்டும் எழுதப்படாததா, ஒதுக்கப்பட்டு எழுதப்பட்டதா என்பதே குறிப்பு. ஒரு பைட்டில் எட்டு பிட் உண்டு. எனவே நினைவகத்தின் காற்பங்கு அளவு குறிப்புக்கே செலவாயிற்று. தொகுக்கப்பட்ட செய்நிரலின் நடுவே, நினைவகத்தைத் தொடும் கட்டளைகள் தோறும் இது தன் சோதனையை நுழைத்தது. எழுதப்படாத இடத்தை வாசித்த கணமே எச்சரித்தது.

ஆயின் அதிலும் ஒரு குறை இருந்தது. வாசித்தல் யாவும் குற்றமல்ல. ஒரு பெட்டியை அப்படியே இன்னோரிடத்துக்கு மாற்றுபவன், அதனுள் இருக்கும் வெற்றறைகளையும் சேர்த்தே மாற்றுகிறான். அவன் எதையும் பயன்படுத்தவில்லை. வெறுமையான பெறுமானத்தைக் கொண்டு ஒரு முடிவு எடுக்கப்படும் பொழுதே குற்றம் நிகழ்கின்றது. இந்த வேறுபாட்டை முழுமையாகக் கையாண்டது, ஜூலியன் சூவாட் என்பவர் 2002ஆம் ஆண்டில் இலவசமாக வெளியிட்ட 'வால்கிரிண்ட்' ஆகும். வடபுல ஐரோப்பியரின் பழங்கதையில் வீரசுவர்க்கத்தின் வாயிலுக்கு வழங்கும் பெயரே கருவியின் பெயராயிற்று.

வால்கிரிண்ட் செய்நிரலை நேரடியாக எந்திரத்தில் ஓடவிடாமல், தானே ஒரு கற்பனை எந்திரமாக நின்று கட்டளை கட்டளையாக ஓட்டியது. ஒவ்வொரு பைட்டுக்கும் அன்றி, ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு நிழற்பிட்டை வைத்தது. வெறுமை நகர்ந்தால் நிழலும் கூடவே நகரும்; கூட்டினால் நிழலும் கலக்கும். அந்த வெறுமையைக் கொண்டு ஒரு கிளைவழி தெரியப்படும் பொழுதோ, ஒரு முகவரி கணிக்கப்படும் பொழுதோ மட்டும் எச்சரிக்கை எழும். இதற்காகச் செய்நிரல் 10 முதல் 50 மடங்கு மெதுவாக ஓட நேர்ந்தது. ஆயினும் பல வாரங்கள் தேடியும் கிடைக்காத வழு ஒரு பிற்பகலில் அகப்படுமாயின், அத்தாமதத்தை யார் பொருட்படுத்துவர்? 2009ஆம் ஆண்டில் வந்த பதிப்பு, அவ்வெறுமை முதலில் எங்கே பிறந்தது என்பதையும் சுட்டிக் காட்டும் ஆற்றல் பெற்றது.

இவ்வாறு கருவிகள் வளர்ந்துவந்த வேளையில், அவற்றையே காரணமாகக் கொண்டு ஒரு பெருந்தவறு நிகழ்ந்தது. இவ்வரலாற்றில் மறக்கத் தகாத பகுதி இதுவே.

இணையத்தில் இரகசியமாகச் செய்தி பரிமாற உதவும் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்னும் மென்பொருள் உலகெங்கும் பயன்படுவது. இரகசியத் திறவுகோலை ஆக்குவதற்கு, ஒருவராலும் ஊகிக்க முடியாத எண்கள் வேண்டும். அதற்காக அம்மென்பொருள் பல திக்குகளிலிருந்தும் தற்செயலான தரவுகளைத் திரட்டி ஒரு கலயத்தில் கலக்கும். அதன் ஆக்கியோர், எழுதப்படாத நினைவகத்தில் கிடக்கும் எச்சத்தையும் ஓரிடத்தில் அக்கலவையோடு சேர்த்திருந்தனர். அதனால் தீங்கில்லை, வந்தால் ஒரு சிறிது நன்மை என்பது எண்ணம். அந்த வரியின் அருகில், 'பியூரிஃபை முறையிடும்' என்ற பொருளில் ஒரு குறிப்பையும் எழுதி வைத்திருந்தனர்.

டெபியன் என்னும் இயக்க முறைமையைப் பயன்படுத்தியோர் வால்கிரிண்டை ஓட்டிய பொழுது, இம்மென்பொருளிலிருந்து வெறுமை பரவி எங்கும் எச்சரிக்கைகள் எழுந்தன. தம் சொந்தப் பிழைகளைத் தேடியோருக்கு இவை பெருந்தொல்லையாயின. டெபியனில் அம்மென்பொருளைப் பராமரித்தவர், எச்சரிக்கைக்குக் காரணமான இரண்டு வரிகளை இனங்கண்டார். ஆக்கியோர் தரப்பில் வினவியும் பார்த்தார். திட்டமான தடையேதும் அங்கிருந்து வரவில்லை. 2006ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அவ்விரு வரிகளும் செயலிழக்கச் செய்யப்பட்டன. எச்சரிக்கைகள் ஓய்ந்தன.

இரண்டு வரிகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. ஒன்று, எச்சத்தைச் சேர்க்கும் பயனற்ற வரி. அதை நீக்கியதால் இழப்பில்லை. மற்றையதோ, திரட்டிய தற்செயல் தரவுகள் யாவும் கலயத்துள் புகும் வாயில். எப்பொழுதேனும் அதன் வழியாகச் சிறிது வெறுமையும் புகுந்தமையால் அதுவும் குற்றவாளியாகத் தோன்றியது. வாயில் அடைபட்டதும், ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுபடுவதாகக் கலயத்தில் எஞ்சியது ஒன்றே: செய்நிரலுக்கு எந்திரம் இடும் வரிசை எண். அவ்வெண்ணோ 32,767க்கு மேற்படாது.

ஆகவே குறித்த ஒரு வகையும் அளவும் கொண்ட திறவுகோல், அண்டத்தின் அணுக்களை எண்ணுவது போன்ற பேரெண்ணிக்கையிலிருந்து தெரியப்படுவதற்குப் பதிலாக, 32,767 திறவுகோல்களுள் ஒன்றாகச் சுருங்கியது. அத்தனையையும் முன்கூட்டியே செய்து அடுக்கி வைத்துக்கொண்டு, பூட்டொன்றில் ஒவ்வொன்றாக இட்டுப் பார்ப்பது ஒரு சாதாரண கணினிக்கும் இயலும். டெபியனை அடியாகக் கொண்ட உபுண்டு முறைமையும் இதே குறையைச் சுமந்தது. ஏறத்தாழ 20 மாதங்கள் எவரும் அறிந்திலர். லூசியானோ பெல்லோ என்பவர் இதனைக் கண்டறிய, 2008ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் திகதி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இடைக்காலத்தில் அம்முறைமைகளில் ஆக்கப்பட்ட திறவுகோல்கள் யாவும் கைவிடப்பட்டுப் புதியன ஆக்கப்பட வேண்டியதாயிற்று.

இந்நிகழ்ச்சியில் கருவி பொய் சொல்லவில்லை. வெறுமை உள்ளது என்றது, உண்மையாகவே இருந்தது. அந்த வெறுமை தீங்கானதா, எங்கிருந்து வந்தது, அதைச் சுமந்து வந்த வரி வேறு எதையெல்லாம் சுமக்கின்றது என்பவற்றை ஆராய்வது மனிதரின் பொறுப்பாக இருந்தது. எச்சரிக்கையை ஓயச் செய்தலும் வழுவைத் தீர்த்தலும் ஒன்றெனக் கொள்ளப்பட்டமையே கேட்டின் வேர். ஆக்கியோருடைய பொறுப்பும் சிறிதன்று. வெறுமையை வேண்டுமென்றே பயன்படுத்திவிட்டு, அதன் காரணத்தை ஒரு சிறு குறிப்பில் அடக்கியவர்கள் அவர்களே.

அதன் பின்னரும் முயற்சி தொடர்ந்தது. கூகிள் நிறுவனத்தைச் சேர்ந்த எவ்கெனி ஸ்டெபானொவ், கொன்ஸ்டன்டின் செரெப்ரியானி ஆகிய இருவரும் 2015ஆம் ஆண்டில் 'மெமரி சானிட்டைசர்' என்னும் கருவியைப் பற்றி எழுதினர். நிழற்குறிப்பு வைக்கும் வேலையை இது தொகுப்பியிடமே ஒப்படைத்தது. இதனால் தாமதம் ஏறத்தாழ இரண்டரை மடங்காகக் குறைந்தது. ஆனால் செய்நிரலோடு சேரும் ஒவ்வொரு பகுதியும் அதே முறையில் தொகுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் வீண் எச்சரிக்கை எழும். லினக்ஸ் கருவகத்துக்கென அமைந்த இதன் உறவுக் கருவி, 2022ஆம் ஆண்டில் கருவகத்தோடு சேர்க்கப்பட்டது.

இதற்கிடையில் வேறொரு குரலும் எழுந்தது. எந்திரங்கள் இப்பொழுது பெருவேகம் பெற்றுவிட்டன. 24 ஆயிரம் பைட் காலத்துச் சிக்கனம் இன்னும் எதற்கு? உள்ளக மாறிகள் யாவற்றையும் தொகுப்பியே துடைத்துவிட்டால் என்ன? 2019ஆம் ஆண்டில் வெளிவந்த 'கிளாங்' தொகுப்பியின் எட்டாம் பதிப்பு இதற்கு வழி செய்தது. 2020ஆம் ஆண்டின் அண்ட்ரொயிட் பதினோராம் பதிப்பும் தன் உள்ளமைப்பில் இம்முறையை மேற்கொண்டது. ஆயினும் கிளாங் ஆக்கியோர் ஒரு தயக்கத்தோடே கதவைத் திறந்தனர். பூச்சியத்தால் நிரப்பும் வசதியை நாடுவோர், 'இது பின்னர் நீக்கப்படும் என அறிந்தே கேட்கிறேன்' என்னும் பொருளுடைய நீண்டதொரு தெரிவையும் உடன் எழுத வேண்டும் என விதித்தனர். எல்லாம் பூச்சியமாகவே கிடைக்கும் எனப் பழகிவிட்டால், எழுதுபவர் தொடக்கப் பெறுமானம் இடுவதையே மறந்துவிடுவர் என்பது அவர்களின் அச்சம். பிற்காலத்தில் அந்த நிபந்தனை கைவிடப்பட்டது. பாதுகாப்பின் தேவை அச்சத்தை வென்றது.

இவ்விரு தரப்பிலும் நியாயம் உண்டு. பலகையை எந்திரமே துடைத்துவிடுவதால், முன்னவரின் இரகசியம் பின்னவர் கைக்குப் போகாது. நாளுக்கொரு விடை வருவதும் ஒழியும். அது பெருநன்மை. ஆனால் கணக்குக்குத் தேவைப்பட்டது பூச்சியமன்றி நூறாக இருந்தால், துடைத்த பலகையும் பிழையான விடையையே தரும். அப்பிழை இனி எச்சரிக்கையும் எழுப்பாது. துடைப்பது எந்திரத்தால் ஆகும். எந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை எண்ணித் துணிந்து எழுதும் கடமை, கணக்கைச் செய்பவரிடமே என்றும் நிற்கின்றது.